மலையேறும்போது சூடு, இறங்கும்போது குளிர்: கார் ஹீட்டருக்கு என்ன ஆச்சு?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. போன வருடம் கோயம்புத்தூரில் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதன் ஹீட்டர் ஆரம்பத்திலிருந்தே சுமார்தான். இந்த மழைக்காலத்திலிருந்து ரொம்ப மோசம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது சூடான காற்று வருகிறது. ஊருக்குள் வந்து டிராஃபிக்கில் நின்றால் குளிர்ந்துவிடுகிறது. கோத்தகிரி சாலையில் நீண்ட இறக்கம் வந்தாலும் அதே கதைதான். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, ஏசியிலும் குறையில்லை. கூலன்ட் டப்பாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். மைலேஜும் குறைந்திருக்கிறது. ஒரு மெக்கானிக், ஹீட்டர் கோர் அடைத்துவிட்டது, டேஷ்போர்டை இறக்கி மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் ஏசி கேஸ் ஏற்றினால் போதும் என்கிறார். ஆன்லைனில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஹீட்டர் விற்கிறதே, அதை வாங்கிவிடலாமா? இல்லை, வண்டியையே விற்றுவிடுவது நல்லதா?

பதில்: வணக்கம் டீச்சர். இப்போதைக்கு டேஷ்போர்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அந்த 18,000 ரூபாய் வேலை கடைசியில் தேவைப்படலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோளாறு டேஷ்போர்டுக்குப் பின்னால் இல்லை, பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

முதலில் அந்த ஏசி கேஸ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்களுடையது போன்ற பெட்ரோல் காரில் ஹீட்டருக்கும் கேஸுக்கும் சம்பந்தமே கிடையாது. இன்ஜினில் எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில்தான், அதாவது கூலன்ட்டில்தான், இறங்குகிறது. அதை வெளியே வீசுவது முன்னால் இருக்கும் ரேடியேட்டர். அதே சூட்டில் கொஞ்சத்தை உள்ளே கொண்டுவருவதற்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். இன்ஜினிலிருந்து ஒரு ஹோஸில் வெந்நீர் அதற்குள் போகும், இன்னொரு ஹோஸில் திரும்பி வரும். உள்ளே சுற்றுகிற ஃபேன், அதாவது புளோயர், அதன் மேல் காற்றை ஊதும். அவ்வளவுதான் ஹீட்டர். ஆகவே ஹீட்டர் சூடு தரவில்லை என்றால் கேட்க வேண்டியவை மூன்று: தண்ணீர் சூடாகிறதா? சூடான தண்ணீர் கோருக்குள் போகிறதா? கோரின் சூடு காற்றில் சேருகிறதா? உங்களிடம் 18,000 கேட்டவர் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் நிற்கிறார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நல்ல மெக்கானிக்குக்கு அதில் மூன்று துப்பு இருக்கிறது.

ஏற்றத்தில் சூடு, நின்றால் குளிர். இது தண்ணீர் குறைவாக இருப்பதன் அடையாளம். ஹீட்டர் கோர் பெரும்பாலான வண்டிகளில் சற்று உயரத்தில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் குறைந்தால் காற்று போய்ச் சேர்வது அங்கேதான். ஏற்றத்தில் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுற்றி, இருக்கிற தண்ணீரை மேலே தள்ளிவிடும். வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடுகிற ஐடிலிங்கில் அதற்கு அந்தத் தெம்பு இருக்காது. தண்ணீர் கோருக்குள் ஏறாமல் கீழேயே சுற்றிவிட்டுப் போய்விடும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்கிறதா என்று நாளைக் காலையில் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இறக்கத்திலும் குளிர். இதைத்தான் உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் கவனிக்கவில்லை. மலைச்சாலையில் இரண்டாம் கியரில் இறங்கும்போது இன்ஜின் கிட்டத்தட்ட ஏற்றத்தில் சுற்றுகிற வேகத்திலேயே சுற்றும். பம்ப்பும் அப்படியே சுற்றும். தண்ணீர் குறைவு மட்டும்தான் பிரச்சினை என்றால் இறக்கத்தில் ஓரளவு சூடு வந்தாக வேண்டும். வரவில்லை. அப்படியானால் தண்ணீரே ஆறிப்போகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது இந்தக் காலத்து பெட்ரோல் இன்ஜின் எரிபொருளையே நிறுத்திவிடும். எரிவது எதுவும் இல்லை, சூடு பிறக்க வழியில்லை. அந்த நேரத்தில் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்ற வைத்து, இருக்கிற சூட்டைக் காப்பாற்ற வேண்டியது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தால் குன்னூர்க் காற்று ரேடியேட்டரில் அடித்துப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஆற்றிவிடும். நல்ல வண்டியிலும் நீண்ட இறக்கத்தில் சூடு கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. பச்சைத் தண்ணீர் மாதிரி ஆவது இயல்பில்லை.

மூன்றாவது துப்பு மைலேஜ். தண்ணீர் போதுமான சூட்டை எட்டாதவரை இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதுவும் தெர்மோஸ்டாட் பக்கமே கை காட்டுகிறது.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு இருக்கும். சூட்டில் மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும், ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். உங்கள் வண்டியில் அது பழுதாகியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது: அது அங்கே இல்லவே இல்லை. சமவெளியில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோடையில் வண்டி ஓவர்ஹீட் ஆகி வந்தால், ரேடியேட்டர் அடைப்பையோ ஃபேன் கோளாறையோ தேடாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு சார்" என்று ஒரு விளக்கமும் கிடைக்கும். கோயம்புத்தூரில் ஏசி போட்டு ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மலைக்கு வந்து ஹீட்டர் பட்டனைத் திருப்புகிறவருக்குத்தான் தெரியும். என் பட்டறை மேட்டுப்பாளையத்தில் இருப்பதால் இரண்டு பக்கத்து வண்டிகளும் வரும். மலையிலிருந்து ஹீட்டர் புகாரோடு இறங்குகிற செகண்ட் ஹேண்ட் வண்டியில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது தெர்மோஸ்டாட் மூடியைத்தான். பல தடவை உள்ளே வெறும் ஓட்டைதான் இருக்கும். சில இன்ஜின்களில் இதைக் கழற்றுவதால் பைபாஸ் வழி மூடாமல் போய், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். ஓவர்ஹீட்டுக்காகக் கழற்றியது ஓவர்ஹீட்டையே கொண்டுவரும். அந்தக் கொடுமையை இன்னொரு நாள் பேசுவோம்.

கழற்றாமலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் வண்டியில் டெம்பரேச்சர் முள் இருக்கிறதா, வெறும் விளக்கா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வருடத்துச் சின்ன கார்கள் பலவற்றில் முள் கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கு எரியும், சூடானதும் அணையும். ஓடிக்கொண்டிருக்கும்போது, இறக்கத்தில், அந்த நீல விளக்கு மறுபடி எரிந்தால் தெர்மோஸ்டாட் மேல் நேராகப் புகார் எழுதலாம். முள் இருந்தால், இறக்கத்தில் அது பாதியிலிருந்து கால் பங்குக்கு வழுக்கி வரும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி கொஞ்ச விலையில் கிடைக்கிறது. ஃபோனில் கூலன்ட் சூட்டை எண்ணாகவே பார்க்கலாம். சமமான சாலையில் பதினைந்து நிமிடம் ஓட்டியும் அது 80ஐ எட்டவில்லை, அல்லது இறக்கத்தில் 60க்குப் பக்கத்தில் விழுகிறது என்றால் வேறு சாட்சி வேண்டாம். சில வண்டிகளில் பி0128 என்ற பிழைக் குறியீடும் பதிவாகியிருக்கும். இன்ஜின் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்பதற்கான குறியீடு அது. ஓட்டும்போது நீங்கள் ஃபோனைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும்.

அடுத்து தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுவதை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே கவலை தருகிற வரி. கூலன்ட் அமைப்பு மூடிய அமைப்பு, நல்ல வண்டியில் மாதக் கணக்கில் அளவு அசையாது.

டப்பாவைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். டப்பா தனியாகவும் ரேடியேட்டருக்கு மேல் ஒரு உலோக மூடியும் இருக்கிற வண்டியென்றால், இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூடிதான். அதன் ரப்பர் போய்விட்டால் இழுக்காது. டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். ஆகவே இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். கழுத்து வரை தண்ணீர் தெரிய வேண்டும். சூடான வண்டியில் மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸை அழுத்தினால் தொளதொளவென்று அமுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முகத்தில் கொதிநீர் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றியதும் அதன் அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். புது மூடியில் அது வழுவழுவென்று அமுங்கும். கெட்டதில் விளிம்பு தட்டு மாதிரி இறுகி, வெடிப்பு விட்டு, துருப்பொடி ஒட்டியிருக்கும். நடுவில் இருக்கும் சின்ன வட்டத் தகட்டை நகத்தால் இழுத்துவிட்டால் டக்கென்று திரும்ப ஒட்ட வேண்டும். மேல் பக்கம் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். அது எவ்வளவு அழுத்தத்தை அடக்கி வைக்கும் என்பதற்கான எண். மாற்றும்போது அதே எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள்.

மலையில் இந்த மூடிக்கு ஒரு கூடுதல் மரியாதை உண்டு. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். உங்கள் சமையலறையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94லேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அங்கெல்லாம் குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டர் மூடி செய்வதும் குக்கரின் வெயிட் செய்கிற வேலையைத்தான். நல்ல மூடி இருந்தால் உள்ளே 110 டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காது. மூடி செத்துவிட்டால் 94லேயே கொதிக்கும். பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95ஐ ஒட்டித்தான். அதாவது ஃபேன் கண் விழிப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் பொங்கி டப்பா வழியாக வெளியே போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து வீட்டு வாசலில் வண்டியை அணைத்த பிறகு, பானெட்டுக்குள் கொப்புளிக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பம்ப் நின்றுபோன நிலையில் இன்ஜினின் மிச்சச் சூடு தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சத்தம் அது. கேட்டிருந்தால் முதல் செலவு ஒரு மூடி. ஸ்பேர்ஸ் கடையில் சில நூறு ரூபாய்.

மூடி நன்றாக இருந்தால் கசிவைத் தேட வேண்டும். ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி உலோகத்தோடு சேருகிற விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியிலிருக்கும் சிறு துளை, இவைதான் வழக்கமான இடங்கள். காய்ந்த கசிவு வெள்ளையாகவோ பழுப்பாகவோ தடம் விட்டிருக்கும். உள்ளே இடது பக்கம், உட்கார்கிறவர் கால் வைக்கும் இடத்தில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகலாம். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் பிசுபிசுக்கும், தித்திப்பாக ஒரு வாடை அடிக்கும், ஹீட்டர் போடும்போது கண்ணாடியில் எண்ணெய் மாதிரி படலம் படியும். நீங்கள் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி கூலன்ட்டைக் கரைத்துவிட்டதால் இந்த அடையாளம் எதுவும் இப்போது வேலைக்கு ஆகாது. நிறமுள்ள கூலன்ட் ஊற்றுவதில் இந்த லாபமும் இருக்கிறது.

இப்போது ஹோஸ் பரிசோதனை. இதற்குக் காசு கிடையாது. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, இருபது நிமிடம் ஓட்டி வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடட்டும். ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரைக் குறைந்த வேகத்திலும் வையுங்கள். பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால், காருக்குள் போகிற தகட்டுச் சுவரில், கட்டைவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் உள்ளே நுழைவது தெரியும். துப்பட்டாவோ புடவைத் தலைப்போ தொங்காமல் செருகிக்கொண்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று, இரண்டையும் துணியை வைத்துத் தொட்டுப் பாருங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய தெர்மாமீட்டரைக் கொண்டுவராதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை காய்ச்சலைத் தாண்டி எதையும் காட்டாது.

இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பு என்றால் தண்ணீரே சூடாகவில்லை, தெர்மோஸ்டாட்தான். ஒன்று கை வைக்க முடியாத சூடு, இன்னொன்று ஜில்லென்று இருந்தால் வெந்நீர் கோர் வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே ஓடவில்லை. காற்று அடைப்பு, துரு அடைப்பு, அல்லது அந்த வழியில் வால்வு இருக்கிற மாடலென்றால் வால்வு மூடியிருக்கிறது. அப்போது ஒருவரை ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜில்லென்றிருந்த ஹோஸ் ஒரு நிமிடத்தில் சூடாகி, காலை எடுத்ததும் மறுபடி ஆறினால் பெரும்பாலும் காற்று அடைப்புதான். இரண்டுமே நல்ல சூடு, ஆனால் உள்ளே குளிர்ந்த காற்று என்றால் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம்: சூட்டையும் குளிரையும் கலக்கிற ஃபிளாப் திரும்பவில்லை. கையால் திருப்பும் குமிழ் உள்ள வண்டியில் அதன் கேபிள் கிளிப்பை விட்டுக் கழன்றிருக்கும். தானியங்கி ஏசி என்றால் ஒரு சின்ன மோட்டார் செத்திருக்கும். உங்களுக்கு ஏற்றத்தில் சூடு வருவதால் ஃபிளாப் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் கணிப்பில் உங்கள் வண்டிக்கு ஒரு தெர்மோஸ்டாட், ஒரு ரேடியேட்டர் மூடி, கழுவிய பிறகு புதுக் கூலன்ட், இவ்வளவும் தேவைப்படும். எல்லாம் சேர்ந்து கூலியோடு அந்த 18,000இல் கால் பங்குக்குள் முடிய வேண்டும்.

தெர்மோஸ்டாட் வாங்கும்போது உங்கள் மாடலுக்கு உரிய எண்ணையே கேளுங்கள். 82 அல்லது 88 என்று அதில் பொறித்திருக்கும், அது திறக்கத் தொடங்கும் சூடு. "82 போட்டா வண்டி கூலா ஓடும்" என்று யாராவது 88க்குப் பதில் 82 கொடுத்தால் வாங்காதீர்கள், நமக்கு வேண்டியது சூடு. பழையது உள்ளே இருந்தால், அதை நூலில் கட்டி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துச் சோதிக்கலாம். குளிர்ந்த தண்ணீரிலேயே வாய் திறந்து கிடந்தால் குப்பைக்கு. உங்கள் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 82இல் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்க 95ஐ ஒட்டித் தேவைப்படும். குன்னூர்க் கொதிநீர் அந்த அளவுக்கு ஏறாது. முக்கால்வாசிதான் திறந்தது என்று நல்லதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாட்டும்போது அதன் தட்டில் இருக்கும் சின்ன ஊசித்துளை மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற வைத்த வழி அது. தலைகீழாக மாட்டிவிட்டு, பிறகு காற்று அடைப்பு என்று நாள் முழுக்க அலைகிறவர்கள் உண்டு.

ஹீட்டர் கோரையும் அப்போதே கழுவிவிடுங்கள். இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்ளே, தோட்டத்து ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்கள் வெடிக்கும், பிறகு உண்மையாகவே டேஷ்போர்டு இறங்கும். முதலில் வெளியே வருவது டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். தெளிந்த தண்ணீர் தாராளமாக ஓடும்வரை விடுங்கள். எவ்வளவு கழுவியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால்தான் அந்த மெக்கானிக் சொன்னது சரி.

இதற்கு முன்னால் வைத்திருந்தவர் ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டாரா என்பதையும் கழுவும்போது கண்டுபிடித்துவிடலாம். லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம் இது. நடுக்காட்டில் ஊர் போய்ச் சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் தூளுக்கு ஒழுகுகிற ஓட்டை எது, ஹீட்டர் கோரின் குறுகிய குழாய் எது என்று தெரியாது. கடையில் விற்கிற லீக் அடைக்கும் பொடிகளும் அப்படியே.

நிரப்பும்போது போர்வெல் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். கலந்தே விற்கிற கூலன்ட், அல்லது அடர் கூலன்ட்டோடு சரிபாதி டிஸ்டில்ட் வாட்டர். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன வகையைக் கேளுங்கள். சரிபாதிக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி வரை உறையாது. நீலகிரியில் அந்தக் குளிர் என்றைக்கும் வரப்போவதில்லை. தலைகுந்தா பக்கம் புல் வெளுக்கிற உறைபனி இரவுகளுக்கு அதில் கொஞ்சமே போதும். நமக்கு அதன் பெரிய உபயோகம், துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான்.

காற்றை வெளியேற்ற உங்கள் ஊர் வசதியான ஊர். வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கீழே கல் வையுங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து நிரப்பி, திறந்தபடியே ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். குமிழி வரவர அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்று தண்ணீர் சூடேறி மேலே எழும்பத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். பிறகு மூடியோடு ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஓடட்டும். காற்று எடுக்கத் தனித் திருகு உள்ள மாடலென்றால் கையேட்டில் இருக்கும். மறுநாள் காலையில் ஆறிய வண்டியில் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள். பழைய கூலன்ட்டை வாசல் சாக்கடையில் விடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது விஷம். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

காற்றை வெளியேற்றும்போது குமிழி நிற்கவே இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் குமுகுமுவென்று கூடுகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்ஜினுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், வழியாக இன்ஜினின் புகை தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை, வெளியே ஒரு துளி கசிவில்லாமல் தண்ணீர் குறைவது, இவையும் கூடவே வரும். ஆயில் மூடிக்கு அடியில் பால்கோவா மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். குளிர் ஊரில் இன்ஜின் சூடேறாமல் சின்னச் சின்ன தூரம் ஓட்டினாலும் அது வரும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் வராவிட்டால்தான் ஆச்சரியம். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்திருந்தால் அது வேறு விஷயம், ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துப் போங்கள்.

வேலை முடியும்வரை காலை மூட்டத்தில் கண்ணாடிக்கு ஒரு வழி சொல்கிறேன். குளிருக்கு எதற்கு ஏசி என்று நினைக்காமல், காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசி பட்டனையும் போடுங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்துவிடும், கிடைக்கிற கொஞ்சச் சூடும் சேர்ந்தால் ஆவி போய்விடும். உள்காற்றே சுற்றுகிற பட்டன் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். நாலு பேர் மூச்சையே சுற்றவிட்டால் கண்ணாடி எப்படித் தெளியும்? கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து வைப்பதும் நிறைய உதவும்.

சாக்கெட்டில் செருகும் ஹீட்டரை வாங்காதீர்கள். அந்த சாக்கெட் 12 வோல்ட்டில் பத்துப் பதினைந்து ஆம்பியர்தான் தாங்கும், கணக்குப் போட்டால் 150 வாட் சொச்சம். காரின் சொந்த ஹீட்டர் தருவது கிலோவாட் கணக்கில். அந்தச் சின்ன டப்பா கண்ணாடியில் உள்ளங்கை அளவு இடத்தைக்கூடச் சரியாகத் தெளிவாக்காது. மலிவுச் சரக்கில் வயர் உருகுவதும் உண்டு.

விற்பதைப் பற்றி: குமிழிச் சோதனைக்கு முன்னால் முடிவெடுக்காதீர்கள். கேஸ்கெட் நன்றாக இருந்தால் இது ஒரு நாள் வேலை, விற்கக் காரணமே இல்லை. கேஸ்கெட் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி, அது வளைந்திருக்கிறதா என்று லேத்தில் அளந்து பார்த்த பிறகு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தொகையையும் வண்டியின் இன்றைய விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். எப்படியானாலும் பட்டறைக்குப் போகும்போது "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "முதலில் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.